மென்குரலில் பாடுகிறீர்களா? மைக் வாங்குமுன் இதைப் படியுங்கள்

"இன்னும் கொஞ்சம் சத்தமா பாடுங்க."

மெல்லிய குரலில் பாடுபவர்கள் ஒலிச்சோதனையின்போது அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. சமூக மன்ற அரங்கு, கோயில் மண்டபம், தீபாவளிச் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் போடப்படும் திறந்தவெளி மேடை என இடம் மாறினாலும் வாக்கியம் மாறுவதில்லை.

சொன்னபடி சத்தமாகப் பாடினால் குரலின் இயல்பே போய்விடுகிறது. மெதுவாகவே பாடினால் தபேலாவும் கீபோர்டும் குரலை விழுங்கிவிடுகின்றன. ஒலி அமைப்பாளர் மைக்கின் அளவைக் கூட்டினால் 'கீய்ய்ங்' என்று ஒலிபெருக்கி அலறுகிறது.

உடனே தோன்றும் யோசனை: நல்ல, விலை கூடிய மைக் ஒன்றை வாங்கிவிட்டால் என்ன?

வாங்கலாம். ஆனால், "எந்த மைக் மெல்லிய குரலை நன்றாகப் பிடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போனால் தவறான பொருளோடு திரும்பும் வாய்ப்பு அதிகம். மேடையில் பாடுபவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு: "என் குரலைத் தவிர மற்ற ஓசைகளை எந்த மைக் நன்றாகத் தவிர்க்கும்?"

ஏன் என்று பார்ப்போம்.

மென்குரல் ஒரு குறையா?

முதலில் இதைத் தெளிவுபடுத்திவிடலாம். குறை இல்லை. மைக் வந்த பிறகே மேடையேறிய ஒரு பாணி அது.

மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாட்டு கேட்கவேண்டும். அதனால்தான் எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் காலத்துப் பாடகர்கள் உச்சத் தாயியில், உரக்கப் பாடினார்கள். மெல்லிய குரலுக்கு அங்கு வேலையே கிடைத்திருக்காது.

1930களில் மைக் சென்னைக் கச்சேரி மேடைகளுக்கு வரத்தொடங்கியது. அதன்பிறகு பாடும் முறையே மாறியது. கர்நாடக இசைப் பாடகிகளின் சுருதி பல ஆண்டுகளில் படிப்படியாகக் கீழே இறங்கியது. கத்தவேண்டிய தேவை இல்லாததால் நுணுக்கத்துக்கு இடம் கிடைத்தது.

திரையிசையில் மாற்றம் இன்னும் வெளிப்படை. டி.எம்.சௌந்தரராஜனின் குரல் மைக் இல்லாமலும் ஒரு மண்டபத்தை நிரப்பக்கூடியது. ஏ.எம்.ராஜாவின் குரலோ பி.பி.ஸ்ரீனிவாஸின் குரலோ அப்படியல்ல. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடியவர்கள் அவர்கள். 'கல்யாணப் பரிசு' (1959) படத்தின் பாடல்களை ராஜாதான் இசையமைத்துப் பாடினார். அந்தக் குரலில் இருக்கும் நெருக்கம், வாய்க்கு அருகே ஒரு மைக் இருந்ததால் நமக்குக் கிடைத்த ஒன்று.

பிற்காலத்தில் பாம்பே ஜெயஸ்ரீ. 'லைஃப் ஆஃப் பை' திரைப்படத்துக்கு அவர் பாடிய தமிழ்த் தாலாட்டு 2013ஆம் ஆண்டு ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தாலாட்டை யாரும் உரக்கப் பாடமாட்டார்கள்.

ஆங்கிலப் பாட்டு கேட்பவர்களுக்கு பில்லி ஐலிஷ் நினைவுக்கு வரலாம். 2019இல் வெளிவந்த அவரது முதல் முழு ஆல்பத்தின் பெரும்பகுதி, பெற்றோர் வீட்டில் அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பதிவானது. கிசுகிசுப்பைப் போன்ற குரல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த அறையில் மைக்குக்கு எதிரே ஒலிபெருக்கி கிடையாது. அருகில் டிரம்ஸ் வாசிப்பவரும் கிடையாது.

ஒலிப்பதிவுக்கு அருமையாக இருக்கும் மைக், மேடையில் தொல்லை தருவதற்கு அதுதான் காரணம்.

அந்தக் 'கீய்ய்ங்' சத்தம் எங்கிருந்து வருகிறது?

உங்கள் குரல் மைக்குக்குள் போகிறது. மிக்சர் அதைப் பெருக்குகிறது. ஒலிபெருக்கி வெளியிடுகிறது. வெளிவந்த ஒலியில் ஒரு பகுதி சுவரில் பட்டோ, நேராகவோ மீண்டும் அதே மைக்குக்குள் போகிறது. மறுபடி பெருக்கப்படுகிறது. இந்தச் சுற்று ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஏதோ ஓர் அலைவரிசை தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு அலறத் தொடங்கும். இதுதான் ஃபீட்பேக்.

குரல் உரத்திருந்தால் மிக்சரில் கெயினை அதிகம் ஏற்றவேண்டியதில்லை. குரல் மெலிதாக இருந்தால் ஏற்றித்தான் ஆகவேண்டும். சிக்கல் என்னவென்றால், கெயின் குரலை மட்டும் கூட்டுவதில்லை. மைக்குக்குள் நுழையும் எல்லாவற்றையும் கூட்டுகிறது. மிருதங்கம், கீபோர்டுக்காரரின் மானிட்டர், குளிர்சாதன இயந்திரத்தின் இரைச்சல் எல்லாம் சேர்ந்தே ஏறும்.

ஆகவே மென்குரல் பாடகரின் எதிரி மைக்கின் 'பலவீனம்' அல்ல. குரலுக்கும் மற்ற ஓசைகளுக்கும் உள்ள விகிதம்.

அந்த விகிதத்தை மாற்ற மிக மலிவான வழி ஒன்று உண்டு.

காசு கொடுக்காமல் 12 டெசிபல்

ஒலியின் மூலத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் மைக்கில் விழும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடும்.

ஒரு கணக்கு. உங்கள் வாய்க்கும் மைக்குக்கும் 20 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்து பாடும் கச்சேரிகளில் இது சாதாரணமாகக் காணும் இடைவெளிதான். அதை 10 சென்டிமீட்டர் ஆக்கினால் 6 டெசிபல் லாபம். 5 சென்டிமீட்டர் ஆக்கினால் 12.

பக்கத்தில் ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் மிருதங்கம் மைக்கில் அதே அளவில்தான் விழுகிறது. நீங்கள் மட்டும் 12 டெசிபல் கூடியிருக்கிறீர்கள். ஒலி அமைப்பாளர் இப்போது கெயினை 12 டெசிபல் குறைக்கலாம். குரல் அதே அளவில் கேட்கும். மிருதங்கக் கசிவு 12 டெசிபல் இறங்கிவிடும். ஃபீட்பேக் தொடங்கும் எல்லையும் அதே அளவு தள்ளிப்போகும்.

12 டெசிபல் என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஒலிபெருக்கியின் சக்தியைக் கூட்டி அதே வித்தியாசத்தைக் கொண்டுவர வேண்டுமென்றால் ஏறக்குறைய 16 மடங்கு வாட் தேவைப்படும்.

வேறெந்த மைக்கை வாங்கினாலும் இவ்வளவு பெரிய முன்னேற்றம் கிடைப்பது கடினம். அதனால் முதல் பரிந்துரை: புது மைக் தேடுமுன், இருக்கும் மைக்கை உதட்டிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்தில் பிடித்துப் பாடிப் பாருங்கள். வீட்டில் பழகுங்கள். உச்சஸ்தாயியில் மட்டும் சற்றே விலக்குங்கள்.

நெருங்கிப் பாடினால் இரண்டு பக்கவிளைவுகள் வரும்.

ஒன்று, குரலில் அடிநாதம் கனத்துவிடும். திசை சார்ந்த மைக் எல்லாவற்றுக்கும் உள்ள இயல்பு இது. மென்குரலுக்கு ஓரளவுவரை இது நல்லதுதான், குரலுக்கு உடல் கிடைக்கிறது. அளவு மீறினால் சொற்கள் மங்கும். மிக்சரில் இருக்கும் 'லோ கட்' பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும்.

அந்தப் பொத்தானை எந்த அளவில் வைப்பது? உங்கள் சுருதியிலிருந்து கணக்கிடலாம். 5 கட்டையில் பாடும் பெண்ணுக்கு ஆதார சட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் சுமார் 147. அவருக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பாட்டில் எதுவும் குறையாது. 1 கட்டையில் பாடும் ஆணின் மந்திர பஞ்சமமோ 98 ஹெர்ட்ஸ். அவருக்கு 80இல் நிறுத்துவது நல்லது.

இரண்டாவது பக்கவிளைவு, 'ப்' என்று காற்று மோதும் ஓசை. இதில் தமிழுக்கு ஒரு சின்ன சலுகை உண்டு. தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ப' மூச்சுக்காற்றை அதிகம் தள்ளாது. ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வரும் அதே ஒலி காற்றோடு வெடித்து வரும். வேண்டுமானால் உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்து 'பாட்டு' என்றும் 'பீட்டர்' என்று ஆங்கில உச்சரிப்பிலும் சொல்லிப் பாருங்கள். தமிழ்ப் பாட்டுக்கு நடுவே ஆங்கில வரிகள் பாடுபவர்கள் அந்த இடங்களில் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் ஓரமாகப் பிடித்தால் போதும்.

மைக்குக்கு முதுகு உண்டு

இனி மைக்கைப் பற்றி. மேடைப் பாட்டுக்கான மைக் எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி கேட்பதில்லை. முன்பக்கம் நன்றாகக் கேட்கும். வேறு சில திசைகளில் காது மந்தம். அந்த மந்தமான திசை எது என்பதுதான் மென்குரல் பாடகருக்கு முக்கியம்.

கார்டியாய்டு: இதய வடிவம் என்று பொருள். முன்னால் கேட்கும், நேர் பின்னால் கேட்காது. உலக மேடைகளில் அதிகம் காணப்படும் ஷூர் எஸ்எம்58 இந்த வகை. 1966இல் விற்பனைக்கு வந்தது, இன்னும் விற்கிறது. கரோக்கே முதல் திருமண வரவேற்பு வரை நீங்கள் பார்த்த பந்துத்தலை மைக்கில் பல, அதுவாகவோ அதைப் பார்த்துச் செய்ததாகவோ இருக்கும்.

சூப்பர்கார்டியாய்டு: இன்னும் குறுகலாகக் கேட்கும். பக்கவாட்டு ஓசைகளை நன்றாகத் தவிர்க்கும். ஆனால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். இதன் செவிட்டு மூலைகள் பின்பக்கத்தில், இடமும் வலமுமாக, முன்புறத்திலிருந்து சுமார் 125 பாகையில் இருக்கின்றன. ஷூர் பீட்டா 58ஏ இந்த வகை.

மேடையில் உங்களுக்குக் கேட்பதற்காக வைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு நேர் எதிரே ஒன்றே ஒன்று இருந்தால், அது மைக்கின் முதுகைப் பார்த்திருக்கிறது. கார்டியாய்டு பொருந்தும். இரண்டு மானிட்டர்கள் இருபுறமும் சாய்வாக இருந்தால் சூப்பர்கார்டியாய்டு பொருந்தும். விலை கூடிய சூப்பர்கார்டியாய்டு மைக்கை வாங்கிவந்து, ஒற்றை மானிட்டரை நேர் எதிரே வைத்துவிட்டு, "இது பழசை விட அதிகமா கத்துதே" என்று குழம்புவது பலருக்கும் நேர்வது. மானிட்டரைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினாலே தீர்ந்துவிடும்.

இன்னொன்று. மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள். ராப் பாடகர்களிடம் பார்த்துப் பழகிய பிடி அது. பின்பக்க ஓசையைத் தவிர்க்க உதவும் துளைகள் அந்த வலைக்குள்தான் இருக்கின்றன. அவற்றை மூடினால் மைக் எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கிவிடும். உரத்த குரல்காரர் தப்பித்துக்கொள்வார். மென்குரல்காரருக்கு உடனே ஃபீட்பேக்.

கன்டென்சர் வாங்கினால் குரல் கூடுமா?

இணையத்தில் தேடினால் முதலில் வரும் ஆலோசனை இதுதான்: "குரல் மெலிதா? கன்டென்சர் வாங்குங்க, அது சென்சிட்டிவ்."

பாதி உண்மை.

டைனமிக் மைக்கில் ஒரு சவ்வும் அதோடு ஒட்டிய கம்பிச்சுருளும் காந்தத்துக்குள் அசைகின்றன. சுருளின் எடை இருப்பதால் மிக நுண்ணிய, வேகமான அதிர்வுகளை அது கொஞ்சம் சோம்பலாகவே பின்தொடரும். கன்டென்சரில் சுருள் இல்லை. மின்னேற்றப்பட்ட தகட்டுக்கு எதிரே மிக மெல்லிய சவ்வு மட்டும். அதனால் மூச்சு, 'ச', 'ஸ' போன்ற ஒலிகள், கமகத்தின் ஓரங்கள் தெளிவாக வரும். இயங்க மின்சாரம் வேண்டும். பெரும்பாலும் மிக்சரிலிருந்து கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் 'ஃபாண்டம் பவர்'.

'சென்சிட்டிவ்' என்ற சொல்தான் குழப்பத்தின் ஊற்று. ஒரே அளவு ஒலிக்கு மைக் எவ்வளவு மின்னழுத்தம் தருகிறது என்பதையே அந்த எண் சொல்கிறது. தொலைவில் உள்ளதைக் கேட்கும் திறனை அல்ல. தயாரிப்பாளர்கள் தரும் எண்களைப் பாருங்கள். ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு எஸ்எம்58 சுமார் 1.85 மில்லிவோல்ட் தருகிறது. பீட்டா 58ஏ சுமார் 2.6. சென்ஹைசர் இ935, இதுவும் டைனமிக், 2.8. நாய்மன் கேஎம்எஸ் 105 என்ற கன்டென்சர் 4.5. சென்ஹைசரின் கன்டென்சர் இ965 தருவது 7.

1.85க்கும் 7க்கும் வித்தியாசம் 11, 12 டெசிபல். பெரிதுதான். ஆனால் இ965 உங்கள் குரலை மட்டும் அவ்வளவு கூட்டித் தருவதில்லை. மானிட்டரையும் தபேலாவையும் அதே அளவு கூட்டித்தான் தரும். ஃபீட்பேக் வருமா வராதா என்பதை இந்த எண் தீர்மானிக்காது. மேலே சொன்ன 20 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு நெருங்கும் வித்தையும் ஏறக்குறைய அதே 12 டெசிபல் தந்தது. அது உங்கள் குரலுக்கு மட்டும் தந்தது.

அப்படியென்றால் அந்த எண் எதற்கு உதவும்? மலிவான மிக்சர்களில் கெயினை உச்சிக்கு ஏற்றினால் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்கும். மென்குரல் பாடகர் எஸ்எம்58ஐத் தள்ளிப் பிடித்துப் பாடும்போது நடப்பது இதுதான். அதிக மின்னழுத்தம் தரும் மைக் என்றால் கெயினை அவ்வளவு ஏற்றவேண்டியதில்லை. கையில் இருக்கும் டைனமிக் மைக்கோடு, ஃபாண்டம் பவரில் இயங்கும் சிறிய 'பூஸ்டர்' ஒன்றைக் கேபிளில் செருகியும் இதே பலனைப் பெறலாம்.

கன்டென்சரின் உண்மையான நன்மை வேறு: தெளிவு. கூட்டத்துக்குச் சொல் புரிந்தால் குரல் குறைவாக இருப்பது பெரிய குறையாகத் தெரியாது. மெல்லிய குரலில் உயர் அலைவரிசை ஆற்றல் இயல்பாகவே குறைவு. அதை நன்றாகக் காட்டும் மைக், ஒலியளவைக் கூட்டாமலே குரலை முன்னுக்குக் கொண்டுவரும். மேடை அமைதியாக இருந்தால் இது பெரிய வரம். மேடையில் டிரம்ஸ் இருந்தால் அதன் சிம்பல் ஓசையையும் அதே தெளிவோடு கொண்டுவரும் என்பதுதான் வம்பு.

சிங்கப்பூரில் எங்கே பாடுகிறீர்கள்?

அதனால்தான் மைக் பெயரைச் சொல்லுமுன் இடத்தைக் கேட்கவேண்டும்.

எஸ்பிளனேட்டின் ரிசைட்டல் ஸ்டுடியோவை எடுத்துக்கொள்வோம். 245 இருக்கைகள். ஓசையைக் கட்டுப்படுத்தும் வகையில் கட்டப்பட்ட அறை, அனுபவமுள்ள ஒலி அமைப்பாளர்கள். ஆண்டுதோறும் நடைபெறும் கலா உற்சவத்தில் அல்லது அது போன்ற நிகழ்ச்சியில் தம்புராவும் வயலினும் மட்டும் துணையாக வைத்துப் பாடுகிறீர்கள் என்றால் கேஎம்எஸ் 105 போன்ற கன்டென்சர் அதன் விலைக்குரிய வேலையைச் செய்யும். பெரும்பாலும் நீங்கள் வாங்கவும் தேவையில்லை. அரங்கில் என்ன மைக் இருக்கிறது என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள்.

அதே எஸ்பிளனேட்டின் திறந்தவெளி அரங்கு முற்றிலும் வேறு. கடற்காற்று மைக்கில் மோதும், கூட்டம் நடமாடும். அங்கே டைனமிக், மேலே ஒரு நுரை உறை.

கழகப் புளோக்கின் கீழ்த்தளம் இன்னும் கஷ்டம். தாழ்ந்த கான்கிரீட் கூரை, ஓடு பதித்த தரை, தூண்கள். ஒலி எங்கும் உறிஞ்சப்படாமல் திரும்பித் திரும்பி வரும். ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் அதன் ஒலி மைக்கை வந்தடையும். இங்கே கன்டென்சரோடு போவது வம்பை விலைகொடுத்து வாங்குவது. டைனமிக் மைக், உதட்டருகே. ஒலிபெருக்கிகள் உங்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து. முடிந்தால் மானிட்டரே இல்லாமல், காதுக்குள் வைக்கும் 'இன்-இயர்'.

லிட்டில் இந்தியாவின் தெரு மேடைகளில் பிரச்சினை எதிரொலி அல்ல, சுற்றுப்புறம். சிராங்கூன் ரோட்டின் பேருந்துகள், கடைகளின் பாட்டு, கோயிலிலிருந்து வரும் மேளம். மேடையில் தவில் அல்லது டிரம்ஸ். பக்கவாட்டு ஓசையை வெட்டும் சூப்பர்கார்டியாய்டு டைனமிக் இங்கே கைகொடுக்கும்.

சமூக மன்ற அரங்குகள் நடுத்தரம். அங்கே மைக்கை விட முக்கியமான ஒரு பழக்கம் உண்டு: பயன்படுத்தாத மைக்குகளை மூடிவைக்கச் சொல்லுங்கள். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஃபீட்பேக்குக்கு முன் கிடைக்கும் இடைவெளி 3 டெசிபல் குறைகிறது. பேச்சாளர் மேசையில் நான்கு மைக் சும்மா திறந்திருந்தால், விலை கொடுப்பது நீங்கள்தான்.

உட்கார்ந்து பாடும் கர்நாடக இசைக் கலைஞர்களுக்குத் தனிக் குறிப்பு. தலையை அசைத்துப் பாடுவீர்கள், கை தாளம் போடும். மிகக் குறுகலான மைக் என்றால் தலை திரும்பும் ஒவ்வொரு முறையும் குரல் மங்கும். சற்று அகலமாகக் கேட்கும் கார்டியாய்டு நிம்மதி தரும். தொடையில் விழும் தாளத்தின் அதிர்வு மேடைப் பலகை வழியாக ஸ்டாண்டில் ஏறி 'டம் டம்' என்று ஒலிப்பதும் உண்டு. ஸ்டாண்டின் காலடியில் ஒரு தடித்த துணியோ ரப்பர் விரிப்போ போடுங்கள்.

தொண்டைக்கும் இதில் பங்கு உண்டு

சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். 1911இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் இதை விவரித்தார். அவர் பெயரிலேயே லொம்பார்ட் விளைவு என்கிறார்கள். உணவங்காடி நிலையத்தில் நண்பர்களோடு பேசிவிட்டு வந்தால் தொண்டை கட்டிக்கொள்கிறதே, அதேதான்.

மேடையில் தன் குரல் தனக்குக் கேட்காத பாடகர் இதைத்தான் செய்கிறார். மென்குரல்காரர்கள் இன்னும் அதிகமாக. ஓர் இரவு என்றால் பரவாயில்லை. வாரந்தோறும் அழுத்திப் பாடினால் குரல்நாண்களில் வீக்கமோ முடிச்சோ உண்டாகலாம். குரல் கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆக, "சத்தமா பாடுங்க" என்று சொல்லப்படும்போது நீங்கள் பதிலுக்குக் கேட்கலாம்: "அண்ணே, மானிட்டர்ல என் குரல் மட்டும் கொஞ்சம் கூட்டுங்க, கீபோர்டைக் குறைங்க." பல நேரங்களில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். பாடகர் இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நம்மிடையே ஒரு தயக்கம் இருக்கிறது, குறிப்பாக இளையர்களிடம். ஒலிச்சோதனை இருப்பதே அதற்காகத்தான்.

சரி, எதை வாங்குறது?

பல இடங்களில், பல குழுக்களோடு பாடுபவர் என்றால் தரமான டைனமிக் ஒன்று. எஸ்எம்58 தவறான தேர்வு அல்ல. ஆனால் மென்குரலுக்கு அது சற்று மங்கலாக இருக்கும். இ935 அல்லது பீட்டா 58ஏ உயர் அலைவரிசையில் இன்னும் திறந்த ஒலி, கொஞ்சம் கூடுதல் மின்னழுத்தம் இரண்டையும் தரும். ஒற்றை மானிட்டர் மேடைகள் அதிகம் என்றால் இ935, அது கார்டியாய்டு. சத்தமான குழுவோடு, இரண்டு மானிட்டர்களோடு என்றால் பீட்டா 58ஏ.

அமைதியான அரங்குகளில் மட்டும் பாடுபவர் கன்டென்சரைப் பற்றி யோசிக்கலாம். இ965இல் கார்டியாய்டு, சூப்பர்கார்டியாய்டு இரண்டுக்கும் மாற்றும் விசை உண்டு. கேஎம்எஸ் 105இன் விலை எஸ்எம்58ஐப் போல ஆறேழு மடங்கு. முதல் மைக்காக அதை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை.

கடைக்குப் போய் வாங்குவதே மேல். பெனின்சுலா, எக்செல்சியர் கடைத்தொகுதிகளிலும் பிராஸ் பாசா வட்டாரத்திலும் இசைக்கருவிக் கடைகள் உண்டு. தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில், ஜாலான் புசார் முனையில் உள்ள சிம் லிம் டவர் ஒலிச்சாதனங்களுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் பெயர்போனது.

கடையில் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்" என்று சொல்லிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. உங்கள் பாடல்களில் மிக மெதுவான சரணத்தைப் பாடுங்கள். ஒலிபெருக்கி வழியாகக் கேளுங்கள், ஹெட்ஃபோன் வழியாக அல்ல. ஒரே கெயினில் இரண்டு மைக்குகளை ஒப்பிடாதீர்கள். அதிக மின்னழுத்தம் தருவது 'நல்லது' போலத் தோன்றிவிடும். இரண்டும் ஒரே அளவில் கேட்கும்படி சரிசெய்துவிட்டு ஒப்பிடுங்கள். பிறகு, கடைக்காரர் அனுமதித்தால், ஃபீட்பேக் தொடங்கும்வரை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். எந்த மைக் அதிக தூரம் தாங்குகிறதோ அதுதான் உங்கள் மைக்.

இணையச் சந்தையில் பாதி விலைக்கு எஸ்எம்58 கிடைத்தால் சந்தேகப்படுங்கள். உலகில் அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் அதுவும் ஒன்று. உண்மையானது ஏறக்குறைய 300 கிராம் எடை. போலிகள் பல லேசானவை. கம்பியில்லா மைக் என்றால், தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் அனுமதிக்கும் அலைவரிசையில் இயங்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் மலிவான சாதனங்களில் இது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

கடைசியாகப் பராமரிப்பு. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். டைனமிக் மைக் அதைத் தாங்கும். கன்டென்சரின் சவ்வில் ஈரம் படிந்தால் கரகரப்பு வரும். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் பெட்டி இருந்தால் மைக்கையும் அதில் வைக்கலாம். இல்லையென்றால் மூடியிறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள்.

எஸ்எம்58 போன்ற மைக்கின் வலைத்தலை திருகிக் கழற்றக்கூடியது. உதட்டுக்கு அருகே வைத்துப் பாடுபவர்கள் மாதம் ஒருமுறையாவது அதைத் தனியாகக் கழற்றி, மைக்கைத் தலைகீழாகப் பிடித்தபடி, வலையை மட்டும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். உள்ளே இருக்கும் நுரை முழுதாகக் காய்ந்த பிறகே திரும்பப் பூட்டவேண்டும். நம் ஊர் வானிலையில் அதற்கு ஓர் இரவாவது ஆகும்.